மடிக்கணினிச் சார்ஜரும் காதில் கேட்கும் இரைச்சலும்

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் பார்வைக்கு மிகச் சிறியது. பிள்ளை மடிக்கணினியின் முன் உட்கார்ந்து, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு பாடம் கேட்கிறது. சார்ஜரைச் சுவரில் செருகிய மறுகணம் ஆசிரியரின் குரலோடு 'கொர்ர்' என்றோ 'கீ' என்றோ ஓர் இரைச்சலும் சேர்ந்து வருகிறது. சார்ஜரைப் பிடுங்கினால் இரைச்சல் நின்றுவிடுகிறது. ஆனால் சற்று நேரத்தில் மின்கலம் தீர்ந்து கணினியே நின்றுவிடுகிறது. பிள்ளை என்ன செய்யும்? இரைச்சலோடு பாடத்தைக் கேட்கும். அல்லது, "அம்மா, கேட்கலை" என்று சொல்லி எழுந்து போய்விடும்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, இல்லிருப்புக் கற்றல் என்ற புதிய ஏற்பாடு நம் வீடுகளுக்குள் நுழைந்தது. அதுவரை கைப்பேசியோடு நின்றிருந்த தோட்டத்துக் குடும்பங்கள் பல, கடனை உடனை வாங்கியாவது ஒரு பழைய மடிக்கணினியைத் தேடிப் பிடித்தன. யாரோ பயன்படுத்திக் கழித்த கணினி, அதனோடு பிறவாத வேறொரு சார்ஜர், சந்தையில் வாங்கிய மலிவான ஹெட்போன் என மூன்றும் மூன்று இடத்திலிருந்து வந்து ஒரே மேசையில் சேர்ந்தன. பள்ளிகள் திறந்த பிறகும் அந்தக் கணினிகள் வீட்டில்தான் இருக்கின்றன. அண்ணன் வைத்திருந்தது தங்கைக்கு வந்திருக்கிறது. இரைச்சலும் கூடவே வந்திருக்கிறது.

இதைக் கடையில் கொண்டுபோய்ச் சொன்னால், "கணினி பழசாயிடுச்சுக்கா, புதுசு வாங்கிடுங்க" என்ற பதில் எளிதாகக் கிடைக்கும். பால்வெட்டியும் செம்பனைக் குலை வெட்டியும் சேர்த்த பணம் ஆயிரம், இரண்டாயிரம் வெள்ளி என்று இப்படிப் போவது நியாயமன்று. பெரும்பாலும் குற்றவாளி கணினி அன்று. சில வேளைகளில் சார்ஜர்கூட அன்று; வீட்டின் மின்கம்பி இணைப்பே காரணமாக இருக்கும். அப்படியானால் அந்த இரைச்சல் காதுக்குத் தொல்லை தருவது மட்டுமன்று. வீட்டில் ஓர் ஆபத்து ஒளிந்திருப்பதை நமக்கு அறிவிக்கும் குரலும் அதுவே. ஆகவே இதைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம்.

கேட்பதற்குத் தெளிவான ஒலி எவ்வளவு முக்கியம் என்பதை அறிய வேண்டுமானால் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்ப் பார்க்கலாம். 1951ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. அந்தத் தெருக்களின் நடைபாதையில் கால் உணர்ந்து நடப்பதற்கென மஞ்சள் நிறத்தில் மேடுபள்ளக் கற்கள் பதித்திருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். பார்வையற்ற அன்பர்கள் கணினியைப் பயன்படுத்தும்போது, திரையில் உள்ள எழுத்துகளைக் கணினியே வாசித்துச் சொல்லும். அவர்கள் ஹெட்போன் வழியாகக் கேட்டுக்கொண்டே வேலை செய்வார்கள். நமக்குத் திரையில் கறை படிந்தால் எப்படியோ, அவர்களுக்கு ஒலியில் இரைச்சல் சேர்ந்தால் அப்படி. நம் பிள்ளைகளுக்கும் வகுப்பு நேரத்தில் காது அவ்வளவு முக்கியமான வாசல்தான்.

இனி, ஹெட்போனுக்குள் நடப்பது என்னவென்று பார்ப்போம். அதன் உள்ளே ஒரு சிறிய காந்தம், மெல்லிய கம்பியால் சுற்றிய ஒரு சுருள், அதனோடு ஒட்டிய ஒரு மெல்லிய தகடு ஆகியவை இருக்கின்றன. சுருளில் மின்சாரம் ஏறி இறங்கும்போது காந்தம் அதை முன்னும் பின்னும் தள்ளுகிறது. தகடு அதிர்கிறது. காற்று அசைகிறது. அதுவே நமக்கு ஒலி. 1910ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியேல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போன்களைத்தான் அந்நாட்டுக் கடற்படை வாங்கிப் பயன்படுத்தியது. இன்று அளவும் அழகும் மாறியிருக்கின்றன, அடிப்படை அதேதான். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சுருளுக்கு ஆசிரியரின் குரலும் தெரியாது, சார்ஜரின் அழுக்கும் தெரியாது. தன்னிடம் வரும் மின்சாரம் எதுவாயினும் அதை ஒலியாக்கிக் கொடுக்கும். ஆகவே இரைச்சல் கேட்கிறது என்றால், வேண்டாத ஒரு மின்சாரம் எங்கிருந்தோ அந்தக் கம்பிக்குள் நுழைகிறது என்று பொருள்.

எங்கிருந்து நுழைகிறது? நம் வீட்டுக்கு வரும் மின்சாரத்திலிருந்தே தொடங்குவோம். ஒரு காலத்தில் தோட்டங்களில் மின்சாரம் என்றால் தோட்டத்து இயந்திரம் ஓடும் சில மணி நேரம்தான். மாலையில் 'டுக் டுக்' என்று இயந்திரம் கிளம்பும். லயத்து விளக்குகள் எரியும். இரவு குறித்த நேரத்தில் அணையும். கிள்ளானில் கோனாட் பிரிட்ஜ் மின்நிலையம் 1953ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியும், அதன் அருகிலேயே வாழ்ந்த தோட்டத்து மக்களில் பலருக்கு நாள் முழுவதும் மின்சாரம் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. பிறகு தேசிய மின்சார வாரியத்தின் கம்பிகள் மெல்ல மெல்லத் தோட்டங்களுக்குள் வந்தன. அந்த வாரியத்தின் பணியைத்தான் 1990ஆம் ஆண்டில் தெனாகா நேஷனல் ஏற்றது.

கிள்ளானுக்கு வடக்கே காப்பாரில் உள்ள அனல்மின் நிலையத்தைக் கடற்கரைப் பக்கம் போனவர்கள் கண்டிருப்பார்கள். நீராவியின் விசையால் அங்கே சுழலும் இயந்திரம் நிமிடத்திற்கு 3000 சுற்று, அதாவது நொடிக்கு 50 சுற்று சுழல்கிறது. அந்தச் சுழற்சிக்கு ஏற்ப, நம் வீட்டுக் கம்பியில் மின்சாரம் நொடிக்கு 50 முறை இப்படியும் அப்படியும் திசை மாறி ஓடுகிறது. இதன் அழுத்தம் 230 முதல் 240 வோல்ட். மடிக்கணினிக்கோ இந்த அழுத்தமும் வேண்டாம், இந்த ஊசலாட்டமும் வேண்டாம். அது கேட்பதெல்லாம் 19 அல்லது 20 வோல்ட் அளவில் ஒரே திசையில் ஓடும் அமைதியான மின்சாரம். காட்டாற்றைப் பிடித்து வாய்க்காலில் விடும் மதகு போல, இடையில் நின்று இந்த மாற்றத்தைச் செய்வதே சார்ஜரின் வேலை.

பழைய வானொலிப் பெட்டிகளில் இதற்குக் கனமான ஓர் இரும்பு டிரான்ஸ்பார்மர் இருந்தது. இன்றைய சார்ஜர் கையடக்கமாக இருப்பதற்குக் காரணம் அது வேறு வழியில் வேலை செய்வதுதான். வரும் மின்சாரத்தை அது முதலில் ஒரே திசைப்படுத்துகிறது. அப்போது உள்ளே 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தம் தேங்கி நிற்கும். பிறகு ஒரு மின்னணுச் சுவிட்ச், நொடிக்குப் பல்லாயிரம் தடவை அந்த மின்சாரத்தை வெட்டி வெட்டி விடுகிறது. இப்படி வேகமாக வெட்டினால் சிறிய டிரான்ஸ்பார்மரே போதும். எடை குறைகிறது, விலை குறைகிறது, சூடும் குறைகிறது. ஆனால் வெட்டுகிற இடத்தில் தூள் பறக்காமல் இருக்குமா? மரம் அறுக்கும் வாளிலிருந்து மரத்தூள் பறப்பது போல, இந்த வேகமான வெட்டுதலிலிருந்து மின்தூள் பறக்கிறது. நல்ல சார்ஜரில் இதைப் பிடித்து நிறுத்தும் வடிகட்டிகள் முறையாக அமைந்திருக்கும். மலிவான போலிச் சார்ஜரில், விலையைக் குறைக்க முதலில் கைவைக்கும் இடங்களில் ஒன்று அந்த வடிகட்டி. பழைய டிரான்சிஸ்டர் வானொலி வீட்டில் இருந்தால் மத்திய அலைவரிசையில் வைத்து, வேலை செய்துகொண்டிருக்கும் சார்ஜரின் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். நிலையம் எதுவும் இல்லாத இடத்திலும் அது சீறும். கண்ணுக்குத் தெரியாத தூளைக் காதால் காண அதைவிட நல்ல சோதனை இல்லை.

நொடிக்குப் பல்லாயிரம் தடவை என்றால் அது காதுக்கு எட்டாத அளவாயிற்றே என்று மேல்நிலைப் பள்ளி மாணவர் யாரேனும் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் கணினி குறைந்த மின்சாரம் கேட்கும்போது பல சார்ஜர்கள் விட்டு விட்டு வேலை செய்யும். சிறிது நேரம் வெட்டும், சிறிது நேரம் ஓய்ந்திருக்கும். அந்த விட்டு விட்டு வரும் தாளம் காதுக்கு எட்டும் எல்லைக்குள் வந்துவிடுகிறது. மின்கலம் நிரம்பியதும் இரைச்சலின் தொனி மாறுவதும், சுட்டியை அசைத்தால் 'கீச்' ஒலி ஏறி இறங்குவதும் இதனாலும் கணினியின் உள்வேலையாலும்தான்.

இனி முக்கியமான இடத்திற்கு வருகிறோம். வயர்மேன்கள் 'எர்த்' என்று சொல்லும் நில இணைப்பு. நம் நாட்டுச் சுவர்த் துளையில் மூன்று ஓட்டைகள் உண்டு. கீழே இரண்டில் மின்சாரம் வந்து போகிறது. மேலே உள்ள பெரிய ஓட்டை எர்த்துக்கு உரியது. அங்கிருந்து பச்சையும் மஞ்சளும் கலந்த கம்பி ஒன்று புறப்பட்டு, வழக்கமாக வீட்டருகே மண்ணில் அடித்து இறக்கப்பட்ட செம்புப் பூச்சுக் கம்பியில் போய் முடிகிறது. மூன்று கால் உள்ள சார்ஜர்களில் பெரும்பாலானவை கணினியின் உடலை இந்தப் பாதையோடு இணைத்துவிடுகின்றன. வடிகட்டியில் பிடிபட்ட மின்தூள், மழைநீர் கால்வாயில் போவது போல, மண்ணுக்குப் போய்விடுகிறது.

அந்தக் கால்வாய் அடைபட்டால்? தூள் கணினியின் உடலிலேயே தங்குகிறது. அங்கிருந்து ஹெட்போன் கம்பி வழியாகக் காதுக்கும், காதிலிருந்து பிள்ளையின் உடல் வழியாகத் தரைக்கும் வழி தேடுகிறது. போகிற போக்கில் ஒலிக்கம்பியை அசைத்துவிட்டுப் போகிறது. ஒலிவாங்கி உள்ள ஹெட்போனில் இது இன்னும் மோசம். ஒலிவாங்கியிலிருந்து வரும் மின்சாரம் மிக மிக மெல்லியது. கடுகளவு தூசி பட்டாலும் தெரியும். அதனால்தான் சில பிள்ளைகளுக்குத் தம் காதில் ஒன்றும் கேட்காது, ஆனால் மறுமுனையில் ஆசிரியர், "யார் வீட்டில் இந்த இரைச்சல்? மைக்கை அணையுங்கள்" என்பார். பிள்ளை வெட்கப்பட்டு அப்புறம் வாயே திறக்காது. கேள்வி கேட்க வேண்டிய பிள்ளை ஊமையாக உட்கார்ந்திருப்பது நமக்குச் சிறிய இழப்பா?

இரும்பு உடல் கொண்ட கணினியைப் புறங்கையால் தடவினால் எறும்பு ஊர்வது போல ஒரு கூச்சம் தோன்றுவதுண்டு. இரண்டு கால் சார்ஜர்களில் இது இயல்பு. எர்த் வேண்டாத வகையில் இரட்டைக் காப்புடன் செய்யப்பட்ட சார்ஜர்களின் மேல், சதுரத்துக்குள் சதுரம் போட்ட ஒரு குறி இருக்கும். நியாயமாகச் செய்த அத்தகைய சார்ஜரிலிருந்து உடலுக்கு வரக்கூடிய கசிவு மிகச் சிறிய அளவுக்கு மேற்படலாகாது என்பது அனைத்துலகத் தரம். அது கூசும், கொல்லாது. ஆனால் மூன்று கால் சார்ஜர் மாட்டியிருக்கும்போது அந்தக் கூச்சம் வந்தால், எர்த் எங்கோ அறுந்திருக்கிறது என்று ஐயப்பட வேண்டும்.

எங்கே அறுகிறது? நம் வீடுகளைச் சுற்றிப் பார்த்தாலே விடை தெரியும். வெளிநாட்டு வகைச் சார்ஜர்களில் இரண்டு உருண்டைக் கால்கள் இருக்கும். நம் சுவர்த் துளையில் கீழ் ஓட்டைகள் இரண்டும் மூடித் தகட்டால் அடைபட்டிருக்கும். எர்த் கால் மேலே நுழைந்தால்தான் அந்தத் தகடு விலகும். சிறு பிள்ளைகள் விரலையோ கம்பியையோ விடாமல் இருக்கச் செய்த நல்ல ஏற்பாடு அது. நம்மவர்களோ மேல் ஓட்டையில் பேனாவையோ திருப்புளியையோ குத்தித் தகட்டை விலக்கி, உருண்டைக் கால்களைத் திணித்துவிடுகிறார்கள்! கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தப் பேனா வித்தையைக் காணாத வீடும் அலுவலகமும் அரிது. மின்சாரம் வரும், எர்த் வராது. கால்கள் இறுக்கமாகவும் பிடிக்காது. தளர்ந்த இடத்தில் பொறி பறக்கும், சூடேறும், ஹெட்போனில் 'கரக் கரக்' என்று கேட்கும். இன்னும் சில பிளக்குகளில் மேல்கால் பிளாஸ்டிக்காகவே இருக்கும். அது தகட்டைத் திறக்கும் சாவி மட்டுமே, எர்த் அன்று. இரட்டைச் சதுரக் குறி உள்ள சார்ஜருக்கு அது போதும்.

மற்றொன்று, நீட்டிப்புக் கம்பி. முன்கூடத்தில் ஒரே ஒரு சுவர்த் துளை. அதிலிருந்து ஒரு நீட்டிப்பு. அதன் வாலில் இன்னொன்று. மலிவான நீட்டிப்புகள் சிலவற்றில் மூன்று ஓட்டை இருந்தாலும் உள்ளே ஓடுவது இரண்டு கம்பிதான். இப்போது ஒரு சிக்கலைக் கவனியுங்கள். உள்ளே எர்த் கம்பி இருந்து, அது சுவர்ப் பக்கம் மட்டும் அறுந்திருந்தால், அந்த நீட்டிப்பில் மாட்டிய எல்லாப் பொருள்களின் உடல்களும் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். மண்ணோடு மட்டும் இணைந்திருக்காது. சோறு பொங்கும் பானையிலோ துணி துவைக்கும் இயந்திரத்திலோ உள்ளே கம்பி உரசிக் கசிவு ஏற்பட்டால், அந்த மின்சாரம் பச்சைக் கம்பி வழியாக மடிக்கணினியின் உடலுக்கு வந்து நிற்கும். அடுப்படியில் நடந்த கோளாறு, முன்கூடத்தில் காதில் கம்பியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைத் தாக்கலாம். கூச்சம் சுருக்கென்ற அடியாக மாறினால், கணினியை அணைத்துப் பார்க்கலாமே என்று நிற்க வேண்டாம். கணினியைத் தொடாமல் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற வயர்மேனை அழையுங்கள். தோட்ட நிர்வாகத்து வீடானால் அலுவலகத்தில் கிராணியிடம் எழுத்து மூலமாகச் சொல்லிவையுங்கள். வாய்ச்சொல் மறந்துபோகும், காகிதம் இருக்கும்.

சரி, கோளாறு எதுவென்று வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி? இதற்குக் கருவி வேண்டாம். காதும் பொறுமையும் போதும். முதலில் மின்கலம் ஓரளவு நிரம்பியிருக்கும்போது ஒரு பாட்டை ஓடவிட்டு நிறுத்துங்கள். அந்த அமைதியில் சார்ஜரைச் சுவரிலிருந்து எடுங்கள். இரைச்சல் அக்கணமே நின்றால், அது சார்ஜர் வழியாக வருவதே. நிற்காவிட்டால் சார்ஜரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஹெட்போனைக் கழற்றிக் கைப்பேசியிலோ வேறு கணினியிலோ மாட்டிப் பாருங்கள். அங்கும் கரகரத்தால் கோளாறு ஹெட்போனில். கம்பியை வளைக்கும்போது மட்டும் கரகரத்தால், பெரும்பாலும் பிளக்கின் கழுத்தருகே கம்பி அறுந்திருக்கும். அல்லது துளையில் பஞ்சும் தூசியும் சேர்ந்து பிளக் முழுவதும் உள்ளே போகாமல் இருக்கும். நம் வீடுகளில் மழைக்காலத்து ஈரத்தால் பிளக்கில் களிம்பு படிவதும் உண்டு. உலர்ந்த துணியால் துடைத்து, நாலைந்து முறை செருகி எடுத்தாலே பலவேளை சரியாகிவிடும்.

சார்ஜர்தான் என்று தெரிந்தால், நீட்டிப்புகளை எல்லாம் விட்டுவிட்டு நேராகச் சுவர்த் துளையில் மாட்டுங்கள். பிறகு வேறோர் அறையில். பிறகு, முடிந்தால், பள்ளி நூலகம் போன்ற வேறொரு கட்டடத்தில். வீட்டில் எல்லாத் துளையிலும் இரைச்சல், பள்ளியில் இல்லை என்றால், சார்ஜர் குற்றமற்றது. வீட்டின் எர்த்தைப் பார்க்க வேண்டும். எங்கே மாட்டினாலும் இரைச்சல் என்றால் சார்ஜரை மாற்றிப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சார்ஜரை இரவல் வாங்கினால், அதன் மேல் எழுதியுள்ள வோல்ட் நம் சார்ஜரில் உள்ளதே தானா என்று பாருங்கள். ஆம்பியர் நம்முடையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறைந்திருக்கக் கூடாது. வோல்ட் மாறினால் இரைச்சலோடு கணினியும் போய்விடும்.

சார்ஜரைத் திறந்து உள்ளே பார்க்கும் ஆசை வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் சிறிது நேரம் தங்கியிருக்கும். கெட்டிக்காரப் பையன்கள்தாம் இதில் அடிபடுகிறார்கள்.

மாற்றுச் சார்ஜர் வாங்கப் போகிறீர்கள் என்றால், கோலாலம்பூர் லோயாட் பிளாசாவில் மாடி மாடியாகக் கணினிக் கடைகள் இருக்கின்றன. கிள்ளானிலும் உண்டு. பழைய சார்ஜரையும், முடிந்தால் கணினியையும் ஹெட்போனையும் கூடவே கொண்டுபோங்கள். கடையிலேயே மாட்டி, காதில் வைத்துக் கேட்டுவிட்டு வாங்குங்கள். சிரிம் முத்திரை இருக்கிறதா, நம் நாட்டு மூன்று கால் பிளக் இருக்கிறதா என்று பாருங்கள். கையில் எடுத்தால் காற்றுப்போல் இலேசாக இருக்கும் சார்ஜரை நாம் நம்புவதில்லை; வடிகட்டிக்கும் எடை உண்டு.

அதற்கும் பணம் இல்லையென்றால் வழி இருக்கிறது. யு.எஸ்.பி. துளையில் மாட்டும் சிறிய ஒலிக்கருவி ஒன்று 20, 30 வெள்ளிக்குள் கிடைப்பதுண்டு. கணினிக்குள் இருக்கும் ஒலிப்பகுதியை விட்டுவிட்டு இதன் வழியாகக் கேட்டால் பல கணினிகளில் இரைச்சல் வெகுவாகக் குறையும். முழுவதும் போகும் என்று உறுதி சொல்ல முடியாது. எர்த் கெட்டிருந்தால் இதுவும் தோற்கும். கம்பியில்லாப் புளூடூத் ஹெட்போன் என்றால், கணினியிலிருந்து காதுக்குக் கம்பியே இல்லாததால் இந்த வகை இரைச்சலுக்கு வழியே இல்லை. ஆனால் அதற்கும் தனியாக மின்னேற்ற வேண்டும். காசே செலவில்லாத வழி, வகுப்புக்கு முன்பே மின்கலத்தை நிரப்பிவிட்டு, வகுப்பு நேரத்தில் சார்ஜரைக் கழற்றிவிடுவது. திரையின் வெளிச்சத்தைக் குறைத்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும். மின்கலம் பழுதாகிப் பத்து நிமிடமும் நிற்காத கணினிக்கு இது உதவாது.

கோயில் திருவிழாவுக்கும் பள்ளிக் கலைநிகழ்ச்சிக்கும் மடிக்கணினியிலிருந்து பாட்டுப் போடும் இளைஞர்களுக்கு ஒரு சொல். கணினியை ஆம்பிளிபயருடன் இணைத்துச் சார்ஜரையும் மாட்டியதும், ஒலிபெருக்கியில் 'ம்ம்ம்' என்று வண்டு ரீங்கரிப்பது போல ஓர் ஒலி எழும். இங்கே நடப்பது நாம் மேலே சொன்னதற்கு நேர்மாறு. எர்த் இல்லாததால் அன்று. எர்த் இரண்டாக இருப்பதால். ஆம்பிளிபயருக்கு ஓர் எர்த், கணினிக்கு ஓர் எர்த், இரண்டையும் சேர்க்கும் ஒலிக்கம்பி. மூன்றும் சேர்ந்து ஒரு வளையமாகிவிடுகிறது. அந்த வளையத்தில் நொடிக்கு 50 முறை ஊசலாடும் சிறு மின்சாரம் சுற்றி வருகிறது. காப்பாரில் சுழலும் இயந்திரத்தின் ஓசையை மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியில் கேட்கிறோம் என்று சொன்னாலும் மிகையாகாது.

இதற்கு ஒரு குறுக்கு வழி ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. ஆம்பிளிபயர் பிளக்கின் எர்த் காலை வெட்டிவிடுவது, அல்லது உள்ளே பச்சைக் கம்பியைக் கழற்றிவிடுவது. ரீங்காரம் அந்த நிமிடமே நின்றுவிடும். அதனால்தான் அது அவ்வளவு ஆபத்தானது. வெட்டியவன் தன்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொள்வான். என்றோ ஒருநாள் ஆம்பிளிபயருக்குள் கம்பி ஒன்று உரசி அதன் இரும்புப் பெட்டியைத் தொட்டால், அந்த 240 வோல்ட் போவதற்கு மண்ணுக்குப் பாதை இராது. ஒலிவாங்கியின் இரும்புக் குழாயில் வந்து காத்திருக்கும். அபிஷேகத் தண்ணீர் தேங்கிய தரையில் வெறுங்காலுடன் நின்று அந்த ஒலிவாங்கியைப் பிடிக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

முறையான வழி எளிதானதே. முதலில், கணினியையும் ஆம்பிளிபயரையும் ஒரே நல்ல நீட்டிப்பிலிருந்து, பக்கத்துப் பக்கத்துத் துளையில் மாட்டுங்கள். வளையம் சிறிதாகும், ரீங்காரமும் பெரும்பாலும் தேய்ந்துவிடும். போதவில்லையென்றால், ஒலிக்கம்பியின் நடுவே வைக்கும் ஒரு சிறிய தனிப்படுத்தும் பெட்டி கடைகளில் உண்டு. அதற்குள் இருப்பது சிறு டிரான்ஸ்பார்மர்தான். 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டறிந்த விதிப்படி, ஒரு சுருளிலிருந்து மற்றொரு சுருளுக்குக் கம்பித் தொடர்பே இல்லாமல் காந்தத்தின் வழியாகப் பாட்டு தாவிப் போகும். வளையம் அங்கே அறுந்துவிடும். எர்த் இரண்டும் அப்படியே இருக்கும். பாட்டுப் போடும் நேரம் மட்டும் கணினியை மின்கலத்தில் ஓட்டினாலும் வளையம் அறுந்ததுதான்.

வீட்டு மின்பெட்டியில் 'டி' என்ற எழுத்துடன் ஒரு சிறிய பொத்தான் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மின்கசிவு ஏற்பட்டால் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சின் சோதனைப் பொத்தான் அது. மாதம் ஒருமுறை, கணினியை அணைத்துவிட்டு அதை அழுத்துங்கள். 'டக்' என்று விழ வேண்டும். விழாவிட்டால் வயர்மேனிடம் சொல்லுங்கள். அது விழுகிறது என்பதற்காக எர்த் சரியாக இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். அந்தப் பொத்தான் சுவிட்சைத்தான் சோதிக்கிறது; மண்ணில் புதைந்த கம்பியை அன்று. அதை வயர்மேன் தம் கருவியால் அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு வானம் இருண்டு இடி இறங்குவது நமக்குப் பழக்கமானது. பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து கணினியைத் திறக்கும் நேரமும் அதுவே. ஹெட்போனில் மின்னலுக்கு மின்னல் 'படக்' என்று ஒலி கேட்டால், அது சார்ஜர் கோளாறு அன்று. தொலைவில் விழும் மின்னல் கம்பி வழியாக எட்டிப்பார்க்கிறது. இடி நெருங்கும் முன்பே சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கி, கம்பி ஹெட்போனையும் காதிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. அந்தச் சிறிய இடைவெளியைத் தாண்டுவது மின்னலுக்கு ஒரு வேலையே அன்று. மழை ஓய்ந்து, கடைசி இடி கேட்டு அரை மணி கழித்து மறுபடியும் மாட்டிக்கொள்ளலாம்.